பாலிகையும் பந்தலும்: கலத்தில் அவரை வளர்த்த வரலாறு

தமிழக நகரங்களில் மாடித்தோட்டம் என்று இன்று வழங்கும் பயிர்முறை, அதாவது வீட்டின் மேல்தளத்தில் பைகளிலும் தொட்டிகளிலும் காய்கறி விளைவிக்கும் முறை, அண்மைக் காலத்தில் தோன்றிய நகர்ப்புறப் பழக்கம் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. காய்க்காக வளர்ப்பது என்ற அளவில் அக்கருத்து பிழையன்று. ஆனால் அவரை, மொச்சை, தட்டைப்பயறு முதலிய பயறினத் தாவரங்களைக் கலத்தில் விதைத்து நீர் தெளித்துப் பேணும் வழக்கம் தமிழர் சடங்கு வாழ்வில் மிகப் பழமையானது; கலம் முளைக்கு உரியதாகவும் நிலம் காய்க்கு உரியதாகவும் நெடுங்காலம் பிரிந்திருந்தன என்பதே உண்மை. அப்பிரிவு நீங்கி, முளைத்த கலத்திலேயே காயும் பறிக்கப்படும் நிலை உருவாவதற்குக் கட்டடக்கலை, தாவர அறிவியல், பயிர்ப் பெருக்கம், நார்த்தொழில் ஆகிய நான்கு துறைகளில் மாற்றங்கள் நிகழ வேண்டியிருந்தன.

அவரையின் பழமையிலிருந்து தொடங்குவது பொருத்தம். காட்டு அவரை இன்றும் வளரும் கிழக்கு ஆப்பிரிக்காவையே ஆய்வாளர் பலர் அதன் தோற்ற இடமாகக் கொள்கின்றனர். தென்னிந்தியாவில் துங்கபத்திரை ஆற்றை ஒட்டிய புதிய கற்கால ஊரிருக்கைகளில் கிடைத்த கரிந்த விதைகள், கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டிலேயே இப்பயிர் இங்கு உணவாகிவிட்டதைக் காட்டுகின்றன. சங்கப் பாடல்களில் அவரை அருகிய குறிப்பாக அன்றி, புன்செய் வாழ்வின் அடிப்படை உணவுகளுள் ஒன்றாகவே வருகிறது. புறநானூற்றின் 335ஆம் பாடல் வரகு, தினை, கொள்ளு, அவரை ஆகிய நான்கையே உணவெனப் போற்றுகிறது. கபிலர் பாடிய 120ஆம் பாடல் பாரியின் நாட்டு வேளாண்மையை விரித்துரைக்குமிடத்தில், தினை கொய்யப்படும் பருவத்தையும் எள்ளின் காய் கறுக்கும் பருவத்தையும் அடுத்து அவரைக்காய் பறிக்கத் தக்க பதம் எய்துவதைச் சொல்கிறது. குறுந்தொகையின் 82ஆம் பாடலோ, தினை அறுத்த தாளில் படர்ந்த அவரை பூக்கும் காலமாக முன்பனியைக் குறிக்கிறது. இம்மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போது, கலப்புப் பயிராக விதைக்கப்பட்டு, முதன்மைப் பயிர் அறுவடையானபின் அதன் தாளையே கொழுகொம்பாகக் கொண்டு ஏறி, பனிக்காலத்தில் பூத்துக் காய்த்த ஒரு கொடியின் முழு வாழ்க்கை வரலாறும் புலப்படுகிறது. பூக்கும் பருவம் பற்றிய அக்குறிப்பு, பின்னர்க் காணப்போவதுபோல, கலத்தில் அவரை வளர்ப்போர் அனைவருக்கும் இன்றும் பயன்படுவது.

கலத்தின் பழமையும் இதற்குக் குறைந்ததன்று. பாலிகை என்பது முளைகளை வளர்ப்பதற்கென்றே அமைந்த, வாய் அகன்ற மட்கலம். சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடலில், கண்ணகியின் மணவிழாவில் மங்கலப் பொருள்களை ஏந்தி நின்ற மகளிர் கைகளில் பாலிகையும் முளைக்குடமும் இருந்தன. கோயில் வழிபாட்டில் இவ்வழக்கம் அங்குரார்ப்பணம் எனப்படும். பெருவிழாவுக்குக் கொடியேற்றுமுன் தூய இடத்திலிருந்து மண் எடுத்துவந்து, பாலிகை, கடிகை, சராவம் என்னும் மூவகைக் கலங்களில் நிரப்பி, பாலில் நனைத்த தானியங்களையும் பயறுகளையும் விதைக்கும் முறையை ஆகமங்கள் விரிவாக வகுத்துள்ளன. கோள்களுக்கு உரியனவாகக் கொள்ளப்படும் ஒன்பது தானியங்களில் மொச்சை வெள்ளிக்கு, அதாவது சுக்கிரனுக்கு, உரியது. அவரையும் மொச்சையும் ஒரே தாவர இனத்தின் இரு வடிவங்கள், முன்னது தோலோடு உண்ணும் காய்க்காகவும் பின்னது விதைக்காகவும் பயிரிடப்படுபவை.

இவ்வழக்கத்தின் மிக விரிந்த வடிவம் மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி ஆகிய மாவட்டங்களின் சிற்றூர்களில் அம்மன் கோயில் விழாக்களை ஒட்டி எடுக்கப்படும் முளைப்பாரி ஆகும். மண்பானையின் அகன்ற ஓட்டிலோ ஓலைக் கொட்டானிலோ வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் பொடித்த காய்ந்த எருவையும் கரம்பை மண்ணையும் இட்டு, முன்னிரவு ஊறவைத்த தட்டைப்பயறு, பாசிப்பயறு, மொச்சை முதலியவற்றைத் தூவி, வெளிச்சம் புகாத அறையில் ஏழு முதல் பத்து நாள்வரை வளர்ப்பர். நோன்பிருந்து நீர் தெளிக்கும் பொறுப்பு ஒருவருக்கோ சிலருக்கோ ஒப்படைக்கப்படும். மாலைதோறும் பெண்கள் கூடிக் கும்மியடித்துப் பாடுவர். ஒளி இல்லாமையால் பச்சையம் உருவாகாது. விதையின் பருப்பில் சேர்ந்திருக்கும் உணவைக் கொண்டே தண்டு வெளிறிய மஞ்சள் நிறத்தில் உயர்ந்து எழும். விதை பருத்திருந்தால் முளையும் உயரும் என்பதால் மொச்சைக்கும் தட்டைப்பயற்றுக்கும் இதில் தனியிடம் உண்டு. முளை செழித்து வளர்ந்தால் அவ்வாண்டு மழையும் விளைவும் செழிக்கும் என்பது ஊரார் நம்பிக்கை. விழாவின் நிறைவில் பெண்கள் அவற்றைத் தலையில் சுமந்து ஊர்வலமாகச் சென்று குளத்திலோ ஆற்றிலோ கரைப்பர்.

முளைப்பாரியை விதையின் முளைப்புத் திறனை ஊரே கூடிச் சோதித்த ஏற்பாடு என்று விளக்குவது ஆய்வாளரிடையே பரவலாக உள்ளது. பல வீட்டு விதைகள் ஒரே அறையில், ஒரே எருவில், ஒரே நீரில் முளைக்கும்போது எவ்வீட்டு விதை நன்று என்பது வெளிப்படையாகத் தெரிந்துவிடும் ஆதலின், அவ்விளக்கத்தை ஏற்பதில் தடையில்லை. ஆனால் அதை மட்டுமே சொல்லி, அப்பெண்களின் வழிபாட்டையும் வேண்டுதலையும் வெறும் மேற்போர்வையாக்கிவிடுவது நேர்மையாகாது. வரலாற்று நோக்கில் முதன்மையானது வேறொன்று. மண்ணைக் குறைத்து வைக்கோலையும் எருவையும் மிகுத்து, எடை குறைந்த, நீரைப் பிடித்துவைக்கும் வளர்ப்பு ஊடகம் ஒன்றை இப்பெண்கள் தம் பட்டறிவால் உருவாக்கியிருந்தனர். இன்றைய மாடித்தோட்டப் பையில் நிரப்பப்படும் கலவையின் அடிப்படைக் கொள்கையும் இதுவே.

எனினும் பாலிகையில் முளைத்த மொச்சை ஒருபோதும் காய்க்கும்வரை வைக்கப்பட்டதில்லை. காய்க்கான அவரை ஆடி மாதத்தில், பெரும்பாலும் ஆடிப்பெருக்கை ஒட்டி, கொல்லையில் குழி எடுத்து, எருவும் சாம்பலும் இட்டு ஊன்றப்பட்டது. கொடி ஏற மூங்கில் பந்தலோ, வேலியோ, கூரையோ தேவை. ஒரு கொடி பல அடி நீளத்துக்குப் படர்ந்து கூரை முழுவதையும் மூடிவிடும். கார்த்திகைக்குமேல் கொத்துக் கொத்தாகப் பூத்து, மார்கழியிலும் தையிலும் நிறையக் காய்க்கும். பொங்கல் நாளின் கூட்டுக்கறியில் அவரையும் மொச்சையும் தவறாமல் இடம்பெறுவதற்கு அக்காலத்தில் அவை வீட்டுக் கொல்லையிலேயே காய்த்துக் கிடந்தமையே முதற்காரணம். இத்தகைய கொடியை ஒரு மட்தொட்டியில் அடக்குவது இருவகையில் அரிது: வேர் பரவ இடமில்லை, அதைவிட, எந்த மாதத்தில் விதைத்தாலும் பூ பனிக்காலத்தில்தான் வரும். சித்திரையில் ஊன்றிய கொடியும் ஆடியில் ஊன்றிய கொடியும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் பூக்கும். முன்னது இடைப்பட்ட மாதங்களில் வெறும் இலையும் தண்டுமாகப் பெருகிக்கொண்டிருக்கும்.

இதற்கான காரணம் 1920இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்னும் இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வால் விளங்கியது. வாஷிங்டன் நகருக்கு அருகிலுள்ள ஆர்லிங்டன் ஆய்வுப் பண்ணையில், கோடையில் பூக்காமல் வளர்ந்துகொண்டே செல்லும் ஒருவகைப் புகையிலையும், வெவ்வேறு நாள்களில் விதைத்தாலும் ஒரே காலத்தில் பூக்கும் சோயா மொச்சையும் அவர்களது கவனத்தை ஈர்த்தன. 1918ஆம் ஆண்டுக் கோடையில் அவர்கள் புகையிலையை வாளிகளிலும் சோயாவை ஒரு பெட்டியிலும் வளர்த்து, பிற்பகலில் இருட்டறைக்குள் வைத்துக் காலையில் வெளியே எடுத்து, பகலின் நீளத்தைச் செயற்கையாகக் குறைத்தனர்; குறைத்த செடிகள் பூத்தன, வெளியில் நின்றவை பூக்கவில்லை. வெப்பமோ ஈரமோ உரமோ அன்றி, பகலிரவின் நீளமே பல தாவரங்களுக்குப் பூக்கும் காலத்தை அறிவிக்கிறது என்னும் இக்கண்டுபிடிப்புக்கு ஒளிக்காலத்துவம் என்று பெயர். பகல் குறுகும்போது மட்டும் பூக்கும் தாவரங்கள் குறும்பகல் தாவரங்கள் எனப்படும். நம் நாட்டுக் கொடியவரை அவ்வகையினது. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமே. அவ்வளவு சிறிய வேறுபாட்டையும் அவரைக்கொடி உணர்ந்துகொள்கிறது. குறுந்தொகைப் புலவர் அவரைப் பூவை முன்பனியோடு இணைத்தது எவ்வளவு நுட்பமான கவனிப்பு என்பதை இவ்வாய்வின் பின்னணியில் அறியலாம்.

கலத்தில் பயறு வளர்த்ததால் கிடைத்த மற்றொரு பெரும் அறிவும் இங்குக் குறிப்பிடத் தக்கது. பயறினப் பயிர் நின்ற நிலம் வளம் பெறும் என்பதை உழவர் நெடுங்காலமாக அறிந்திருந்தபோதிலும் அதன் காரணம் புலப்படாமலே இருந்தது. ஜெர்மனியின் பெர்ன்புர்க் நகரில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் வேதியியலாளர்கள், தழைச்சத்து அறவே இல்லாத மணலைக் கலங்களில் நிரப்பிப் பட்டாணியையும் ஓட்ஸ் தானியத்தையும் வளர்த்தனர். ஓட்ஸ் வாடியது, வயல்மண்ணை நீரில் கரைத்து அதன் தெளிவைச் சிறிது ஊற்றியவுடன் பட்டாணி மட்டும் செழித்தது, சூடேற்றிக் கிருமிநீக்கிய தெளிவை ஊற்றியபோது அதுவும் செழிக்கவில்லை. வேரிலுள்ள முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன என்று 1886இல் அவர்கள் அறிவித்தனர்; 1888இல் பெய்யரிங்க் என்னும் டச்சு அறிஞர் அந்நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். இது மாடித்தோட்டத்துக்கு நேரடிப் பொருளுடையது. வயல்மண்ணில் இந்நுண்ணுயிர்கள் இயல்பாகவே இருக்கும். புதிதாக நிரப்பிய தென்னை நார்க்கழிவில் இருப்பது உறுதியில்லை. ஆதலால் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் உரத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதைநேர்த்தி செய்யும் வழக்கம், வயலைவிடப் பைக்கே மிகத் தேவையானது.

நாட்டு அவரையோடு ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இன்னொரு கொடியும் வந்து சேர்ந்தது. பீன்ஸ் என்று தமிழகத்திலும் போஞ்சி என்று இலங்கையிலும் வழங்கும் காய் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது; நடு அமெரிக்காவிலும் ஆண்டீஸ் மலைப்பகுதியிலும் தனித்தனியே பயிராக்கப்பட்டு, கொலம்பசின் பயணத்துக்குப் பின் ஐரோப்பாவை அடைந்து, ஐரோப்பியரோடு ஆசியாவுக்கு வந்தது. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819 முதல் நீலகிரியில் குடியேற்றத்தை ஊக்குவித்து ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிடச் செய்தார். உதகமண்டலத்து ஐரோப்பியர் ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா செலுத்தி, குறைந்த விலையில் காய்கறி பெறுவதற்கென ஒரு தோட்டத்தை 1840களில் அமைத்தனர். அது நிலைக்கவில்லை, அம்முயற்சியின் தொடர்ச்சியாகவே 1848இல் கியூ தோட்டத்தில் பயின்ற மக்கைவர் பொறுப்பேற்க, இன்றைய தாவரவியல் பூங்கா உருவாயிற்று. நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் பீன்ஸ் வேரூன்றியது. சமவெளி இல்லங்களின் அன்றாடச் சமையலிலும் இடம்பிடித்தது. திதி முதலிய சடங்குச் சமையலில் மட்டும் அயல் காயென விலக்கப்பட்டு, அவரையும் கொத்தவரையுமே நீடித்தன.

அவரைக்கும் பீன்ஸுக்கும் இடையே உள்ள இயல்பு வேறுபாடு கலத்தில் பயிரிடுவோர் பலரை இன்றும் இடர்ப்படுத்துகிறது. பீன்ஸ் குளிர்ந்த மலைக்காலநிலைக்கு உரியது. வெப்பம் 30 பாகையை வெகுவாகக் கடந்தால் பூ உதிர்ந்துவிடும். குட்டைச் செடியாக, விதைத்த இரு மாதங்களுக்குள் காய்க்கும் அதன் இயல்பு சிறிய தொட்டிக்கு ஏற்றது என்பதால், மேலை நாட்டு நூல்கள் தொட்டிக் காய்கறிகளுள் அதை முன்னிறுத்துகின்றன. சென்னை, மதுரை போன்ற ஊர்களின் மேல்தளத்தில் அந்நூல்களைப் பின்பற்றிக் கோடையில் பீன்ஸ் விதைத்தால் இலையன்றி வேறெதுவும் கிடைப்பது அரிது. சமவெளியின் கலத்துக்கு உரிய காய் அவரையே, அடுத்துக் காராமணியும் கொத்தவரையும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

கலம் மேல்தளத்துக்கு ஏறுவதற்குக் கூரை மாற வேண்டியிருந்தது. ஓட்டுக்கூரையிலும் ஓலைக்கூரையிலும் கொடி படரலாம். தொட்டி வைக்க இயலாது. பழைய நகர வீடுகளில் அமைந்த மெட்ராஸ் டெரஸ் என்னும் தட்டைத்தளம், தேக்குச் சட்டங்களின்மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் பிணைத்து அமைக்கப்படுவது. நாள்தோறும் கசியும் நீர் சுண்ணாம்பையும் மரத்தையும் கெடுக்கும் என்பதால் அதன்மேல் செடி வளர்ப்பதை வீட்டார் தவிர்த்தனர். இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட் தளம் இருபதாம் நூற்றாண்டில் பரவியபின் இத்தடை ஓரளவு நீங்கியது. அதே கான்கிரீட் கட்டடங்கள்தாம் கொல்லையையும் விழுங்கின. பந்தல் போட்ட இடத்தில் சுற்றுச்சுவரும் வாகன நிறுத்தமும் வந்தபின், காய் வளர்க்க விரும்பிய குடும்பத்துக்கு எஞ்சிய ஒரே வெளி மொட்டைமாடியாயிற்று.

அங்கும் மண்ணின் எடை தடையாக நின்றது. ஒரு கன அடி ஈரமண் 45 முதல் 50 கிலோ எடையுள்ளது; இருபது தொட்டிகளின் சுமை சிறிய வீட்டுத் தளத்துக்குப் பெரிது. இதற்குத் தீர்வு தென்னைநார்த் தொழிலின் கழிவிலிருந்து வந்தது. தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரிக்கும்போது உதிரும் பொடியான நார்க்கழிவு, பொள்ளாச்சி போன்ற தென்னை மிகுந்த பகுதிகளில் நெடுங்காலம் சாலையோரங்களில் குவியலாகக் கிடந்தது. மக்குவதற்கு நீண்டகாலம் எடுக்கும் இப்பொருளைச் சிப்பிக்காளான் பூஞ்சையைக் கொண்டு விரைவில் மக்கச்செய்யும் முறையை ஆய்வு நிறுவனங்கள் உருவாக்கின. தன் எடையைப்போல் பல மடங்கு நீரை இது தாங்கி நிற்கும் என்பதும், உப்பு நீங்கும்வரை கழுவினால் செடிக்கு உகந்தது என்பதும் அறியப்பட்டன. அழுத்திக் கட்டியாக்கிய நார்க்கழிவு ஏற்றுமதிப் பொருளாயிற்று. தமிழக அரசு 2013-14ஆம் ஆண்டில் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் நகர்ப்புறத் தோட்டக்கலைத் திட்டத்தைத் தொடங்கி, பைகள், நார்க்கழிவுக் கட்டிகள், விதைகள், நுண்ணுயிர் உரங்கள் அடங்கிய தொகுப்பை மானிய விலையில் வழங்கியபோது, அதன் முதுகெலும்பாக அமைந்தது இக்கழிவே. வைக்கோலும் எருவும் கொண்டு முளைப்பாரி வளர்த்தவர்களின் பெயர்த்திகள் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து பை நிரப்பத் தொடங்கினர்.

எஞ்சியிருந்த தடை அவரையின் பருவக் கட்டுப்பாடு. அதைப் பயிர்ப் பெருக்க அறிஞர்கள் நீக்கினர். பெங்களூர் ஹெப்பாளில் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஹெப்பாள் அவரை 3 என்னும் இரகம் கொடி ஓடாது, பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல் பூக்கும் இயல்புடையது. அதன் மரபைக் கொண்டு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்க்கா ஜெய், அர்க்கா விஜய் ஆகிய குட்டை இரகங்களை உருவாக்கியது. கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கோ என்னும் வரிசையில் செடியவரை இரகங்களை வெளியிட்டது. இச்செடிகள் முழங்கால் உயரமே வளரும், பந்தல் வேண்டாம், எம்மாதத்தில் விதைத்தாலும் இரு மாதங்களில் பூக்கும். ஓரடி ஆழமுள்ள பையில் இரண்டு செடிகள் நன்கு காய்க்கும். கலத்தில் முளைத்த அவரை அக்கலத்திலேயே காய்க்கும் நிலை இவ்வாறு எய்தப்பட்டது.

இவ்வெற்றியைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஒரு சென்ட் நிலமும் இல்லாத குடும்பங்கள் நஞ்சு தெளிக்காத காயை உண்ண அது வழிசெய்திருக்கிறது. ஆயினும் அதோடு ஓர் இழப்பும் நேர்ந்துள்ளது. கொல்லைகளில் இருந்த கொடியவரை வகைகள் ஒன்றல்ல. பட்டையவரை, கோழியவரை, ஊதா நிறக் காயுடையவை, வெள்ளைப் பூவுடையவை எனப் பல வகைகள் வட்டாரம்தோறும் இருந்தன. அவற்றின் விதைகளைச் சாம்பலில் புரட்டி மண்கலயத்தில் வைத்துக் காத்தவர்கள் பெண்கள். மகள் மணமாகிச் செல்லும் ஊருக்கும் அண்டை வீட்டுக்கும் அவை கைமாறின. கொல்லை மறைந்தபோது இவ்விதைகளைப் புதுப்பிக்க இடமில்லாமல் போயிற்று. அவரை விதை நெடுங்காலம் கிடந்தால் முளைப்புத் திறனை இழந்துவிடும். ஆண்டுதோறும் இல்லாவிடினும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது விதைத்து எடுத்தால்தான் ஒரு வகை பிழைக்கும். மாடித்தோட்டப் பைகளிலோ அங்காடியில் வாங்கிய ஒரே வகைச் செடியவரைதான் பெரும்பாலும் நிற்கிறது.

கொடியவரைக்கு மேல்தளத்தில் இடமில்லை என்பது உண்மையன்று. இருநூறு லிட்டர் பீப்பாயைக் குறுக்கே அறுத்த பாதியில், அடியில் துளையிட்டு, நார்க்கழிவோடு மண்ணும் மக்கிய எருவும் சேர்த்து நிரப்பினால் ஒரு கொடிக்குப் போதும். கைப்பிடிச் சுவரின் மூலையில் நான்கு கழிகளை நட்டுக் கயிறு பின்னினால் பந்தலாகும். ஆடியில் ஊன்றி, பூ வரும்வரை தழைச்சத்து உரத்தைக் குறைத்து, அசுவினி தென்படும்போது வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளித்துவந்தால், மார்கழியிலிருந்து மாசிவரை காய் ஓயாது. ஆண்டு முழுவதும் காய்க்காமை அதன் குறையாகச் சொல்லப்படுகிறது. பொங்கலுக்கெனக் காய்ப்பதே அதன் சிறப்பு என்று கொள்வதே பொருத்தம். மேல்தளத்தில் ஐந்து பை வைத்திருப்போர் ஒரு பீப்பாயை நாட்டுக் கொடியவரைக்கு ஒதுக்க வேண்டும். ஊரிலுள்ள முதியவரிடம் கேட்டு விதை பெற்று, முதல் கொத்துகளில் நன்கு பருத்த சில காய்களைப் பறிக்காமல் கொடியிலேயே காயவிட்டு, அவ்விதைகளைக் குறைந்தது இரண்டு வீடுகளுக்காவது அடுத்த ஆடிக்குள் கொடுத்துவிட வேண்டும்.